தராசுகிட்ட நிக்கறேன்

தேய்க்காதீங்க தம்பி, தேய்க்காதீங்க... தேய்ச்சா காபிக் கறை இன்னும் உள்ள இறங்கும். கையை எடுங்க. எடுங்கன்னா! நான் பாத்துக்கறேன். எங்களுது சலவைக்கடை. ஊர் அழுக்கையெல்லாம் வெளுத்துத் தள்ளறவ நான், இந்த ஒரு மடக்கு காபி எனக்கு எம்மாத்திரம்? தப்பு என்னுதுதான், இல்லங்கல. திரும்பற வேகத்துல உங்க கையைத் தட்டி விட்டது நாந்தான். ஆனா நீங்களே சொல்லுங்க, முழுத் தப்பும் என்னுதா? காபியை இவ்ளோ ஒசரமான காகிதக் கப்புல ஊத்தி, அதுக்கு ஒரு மூடி போடாம கையில குடுத்தா கொட்டாம என்ன செய்யும்? பழைய ஏர்போர்ட்டுல குட்டி கிளாஸ்லதான் குடுப்பாங்க. வாயில வெச்சா முடிஞ்சு போச்சு. கொட்டறதுக்கு மிச்சமே இருக்காது.

அப்படியே இந்தத் தராசு மேல சாஞ்சு நில்லுங்க. ஒண்ணும் ஆகாது, பழைய இரும்பு, உங்களை மாதிரி பத்து பேரைத் தாங்கும். ஈரத் துணியால ஒத்தி ஒத்தித்தான் எடுக்கணும், அப்பறம் காயணும். கொஞ்ச நேரம் ஆகும். உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே? இறங்கி வண்டிக்குத்தான காத்திருக்கீங்க... தலையை ஆட்டாதீங்க தம்பி, காலர் நகருது.

நானும் காத்திருக்கறவதான். எங்க மாப்பிள்ளைக்காக. காலைலேந்து நிக்கறேன், கால் கடுக்குது. இதோ இந்தக் கவர் இருக்கு பாருங்க, பயப்படாதீங்க, இது மேல ஒரு சொட்டும் படல. பட்டிருந்தா உங்களை நான் சும்மா விட்டிருப்பேனா? இது மாப்பிள்ளையோட சட்டை. இன்னைக்கு அவருக்கு இன்டர்வியூ. இங்கயேதான், அந்தப் பக்கம் புதுசா கட்டியிருக்காங்களே, விமானம் ரிப்பேர் பாக்கற ஹேங்கர், அங்க. மாப்பிள்ளை விமான மெக்கானிக்கு. சட்டையைப் பெட்டியில வெச்சுக் கொண்டு வந்துடறேன் அத்தைன்னு சொன்னாரு. நான் விடுவேனா? இன்டர்வியூவுக்குப் போடற சட்டையைப் பெட்டியில வெச்சு நசுக்கறதா? சலவைக்கடைக்காரி மாப்பிள்ளை கசங்கின சட்டையோட போனா என் மானம் என்னாவறது? நீங்க சும்மா ஒரு டீ-ஷர்ட்டை மாட்டிக்கிட்டு ஏறுங்க மாப்பிள்ளை, போன தடவை விட்டுட்டுப் போன வெள்ளைச் சட்டை இங்க இருக்கு, அது என் பொறுப்பு, தராசுகிட்ட நிக்கறேன், வாங்கி மாட்டிக்கிட்டு நேரா போயிடுங்கன்னு கண்டிஷனா சொல்லிட்டேன்.

இப்ப பாருங்க. நானும் வந்தாச்சு, சட்டையும் வந்தாச்சு, விமானத்தைத்தான் காணோம். நம்ம ஊர் விமானம் என்னைக்கு சொன்ன நேரத்துக்கு வந்திருக்கு? அந்தக் காலத்துல மேகம் வந்தா வராது, காத்தடிச்சா வராது, பொழுது சாஞ்சா சுத்தமா வராது. ஓடுபாதை குட்டை, விளக்கு கிடையாது. வானத்துல ரெண்டு வட்டம் போட்டு எட்டிப் பாத்துட்டு வந்த வழியே போயிடும். கீழ நின்னு நான் கையாட்டுவேன், மேல எம் பொண்ணு திரும்பிப் போயிட்டிருப்பா. சரி, அதெல்லாம் சரி பண்ணத்தான இவ்ளோ செலவு பண்ணி ஓடுபாதையை நீட்டி, விளக்கு போட்டு, இந்தக் கட்டடத்தையும் கட்டினாங்க? நல்லதுதான். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா... காலைலேந்து எல்லாரும் பெட்டியைத் தள்ளிக்கிட்டு உள்ள போறாங்களே தவிர, ஒருத்தராச்சும் வெளிய வரக்காணோம். இத்தனை பெரிய கட்டடத்தைக் கட்டி, வர்றவங்களை எங்கதான் ஒளிச்சு வெச்சிருக்காங்களோ!

என்ன சொல்ல வந்தீங்க? இருங்க, இந்த ஓரத்தை மட்டும் முடிச்சிடறேன், அப்பறம் சொல்லுங்க. பாதியில விட்டா வட்டம் வட்டமா நின்னுடும்.

போர்டா? போர்டுல ஏதோ எழுத்து ஓடிட்டுத்தான் இருக்கு, பாத்தேன். கண்ணாடியைக் கடையிலயே வெச்சுட்டு வந்துட்டேன், யாருக்குத் தெரியுது? இஸ்திரி போட்டுட்டு அப்படியே ஓடி வந்தவ நான். ஏன் கேக்கறீங்க அந்தக் கடைக் கதையை. முன்னாடி ரெண்டே மெஷினு. மத்தியானத்துக்கு மேல வேலை இருக்காது, காலை நீட்டிப் படுப்பேன். இந்த ஏர்போர்ட்டைப் பெருசாக்கினாலும் ஆக்கினாங்க, என் தூக்கம் போச்சு. விமானத்துல குடுக்கற போர்வை எங்ககிட்ட, தலகாணி உறை எங்ககிட்ட, பக்கத்துல புதுசா வந்த ஹோட்டல் படுக்கை விரிப்பெல்லாம் எங்ககிட்ட. வேன்ல கொண்டு வந்து மூட்டை மூட்டையா இறக்கிட்டுப் போறாங்க. எட்டு மெஷின் ஓடுது, கூட நாலு பொம்பளைங்க வேலைக்கு வர்றாங்க, அப்பவும் ஓயல. இதுல அந்த ஹேங்கர்க்காரங்க நீல ஓவரால் வேற. தலையிலேந்து கால் வரைக்கும் ஒரே துணி, அதுல தலையிலேந்து கால் வரைக்கும் கிரீஸு! அதை எடுக்கறதுக்குள்ள எனக்கு உயிர் போயி உயிர் வருது. பில்லு ஒழுங்கா குடுத்துடறாங்க, குறை சொல்லக் கூடாது. ஆனா படுக்க நேரமில்லாம காசு வந்து என்ன பண்ண?

எனக்கு மட்டும் இல்ல, தெருவுக்கே பைத்தியம் பிடிச்சுப் போச்சு. பக்கத்து வீட்டுல ஒருத்தர் காளான் வளக்கறாரு. முன்னாடியெல்லாம் விக்காம மிஞ்சினதை ஒரு கூடை நிறைய கொண்டு வந்து குடுப்பாரு. பாவம், எங்க கொண்டு போயி விப்பாரு, ரோட்டுல பெரிய ஊருக்கு அனுப்பினா போறதுக்குள்ள வாடிப் போயிடும். இப்ப? காலைல பறிச்சு காலை விமானத்துல ஏத்திடறாரு. எங்கெங்கயோ போகுதாம் அந்தக் காளான். எங்க வீட்டுக்கு மட்டும் வர மாட்டேங்குது. போன வாரம் கேட்டே கேட்டுட்டேன். இருந்தாத்தானக்கா தர்றதுக்குன்னு சிரிக்கறாரு. கூரை மாத்தியாச்சு, பொண்ணைக் காலேஜ்ல சேத்தாச்சு, மனுஷன் சிரிக்காம என்ன பண்ணுவாரு. நாந்தான் காளானைக் காசு குடுத்து வாங்கிட்டிருக்கேன்.

தெருவுல ரோடு போட்டுட்டாங்க. நல்லாத்தான் இருக்கு, ஆனா வண்டிங்க பறக்குது. மூலைக்கு பஸ்சு வந்துடுச்சு. வந்ததும் எங்க வீட்டுக்காரருக்கு நடக்கறது மறந்து போச்சு. ஆ... கையைத் தூக்குங்க, கஃப்லயும் தெறிச்சிருக்கு. கறை எங்க இருக்குன்னு கண்ணாடி இல்லாமலே எனக்குத் தெரியும், எழுத்துதான் தெரியாது.

என்னது, பை நடுங்குதா? என் பையா? ஓ... ஃபோனு. அது அவராத்தான் இருக்கும், எங்க வீட்டுக்காரர். எடுக்க மாட்டேன். எடுத்தா சர்க்கரை டப்பா எங்கன்னு கேப்பாரு. டாக்டர் சர்க்கரையைத் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு, நான் ஒளிச்சு வெச்சிருக்கேன், நான் வெளிய கிளம்பினா போதும், தேடுதல் வேட்டை ஆரம்பமாயிடும். அடிக்கட்டும். காலைலேந்து அடிச்சிட்டுத்தான் இருக்காரு.

அந்த மனுஷன் இன்னைக்கு உக்காந்து சர்க்கரை தேடறதே இந்த ஏர்போர்ட்டாலதான், தெரியுமா உங்களுக்கு? போன மழைக்காலத்துல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. இங்க டாக்டர் பாத்துட்டு, இதுக்கு இங்க வசதி இல்லம்மா, பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும், ரோட்டுல போனா தாங்காதுன்னுட்டாரு. வெளிய இருட்டிட்டு வருது, மழை வேற. அப்ப இந்தக் கட்டடம் வரல, விளக்கு மட்டும் புதுசா போட்டிருந்தாங்க. அந்த வெளிச்சத்துலதான் ஆஸ்பத்திரி விமானம் வந்து இறங்குச்சு. பழையபடி இருந்திருந்தா... வேணாம், விடுங்க. இப்ப ஆள் நல்லாத்தான் இருக்காரு. கால் மேல கால் போட்டுக்கிட்டு, குழம்புல உப்பு பத்தலைங்கறாரு. அந்த விளக்கை நான் கும்பிடாத குறைதான். ஆனா அதை வீட்டுல சொல்ல மாட்டேன், சொன்னா அவருக்குத் தலைக்கனம் ஏறிடும்.

சரி, நீங்க இந்தத் தராசைப் பத்திக் கேக்கவே இல்லையே? இத்தனை பளபளப்புக்கு நடுவுல இந்தப் பழைய இரும்பு எதுக்குன்னு நினைக்கறீங்கல்ல? நாந்தான் வெக்கச் சொன்னேன். ஆமா, நாந்தான். பழைய ஏர்போர்ட்டுன்னா என்ன, ஒரு தகரக் கொட்டகை. ஒரே வாசல். உள்ள நுழைஞ்சதும் இந்தத் தராசு. பெட்டியை இது மேல ஏத்துவாங்க, முள்ளு சிவப்புக் கோட்டைத் தாண்டினா அங்கயே திறந்து பாதியை எடுக்கச் சொல்லுவாங்க, ஊரே நின்னு உள்ள என்ன இருக்குன்னு பாக்கும். ஊர்ல யாரை யாரு கூப்பிட வந்தாலும் தராசுகிட்ட நிக்கறேன்னுதான் சொல்லிக்குவோம். நின்னு நின்னு போரடிச்சா நாமளே ஏறி எடை பாத்துக்கறது. ரெண்டு கிலோ கூடத்தான் காட்டும். அப்படித்தான் நாங்க எல்லாரும் சொல்லிக்கறது.

மாப்பிள்ளை மொத மொதல்ல எம் பொண்ணைக் கேட்டு வந்தப்பவும் இது பக்கத்துலதான் நின்னாரு, ஒரு பெட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு. யாருன்னு தெரியாம நான் பாட்டுக்கு, கொஞ்சம் நகருங்க, எடை பாக்கணும்னு சொல்லி ஏறி நின்னுட்டேன். முள்ளைப் பாத்துட்டு மனுஷன் மரியாதையா வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு. அப்பவே நினைச்சேன், நல்ல குணம்னு.

அப்பறம் ஒருநாள் பெருசாக்கப் போறோம்னு ஆபீசருங்க வந்து பள்ளிக்கூட ஹால்ல கூட்டம் போட்டாங்க. படமெல்லாம் மாட்டி, ஜனங்களுக்கு ஏதாச்சும் குறை இருந்தா சொல்லலாம்னாங்க. என்னைப் பாத்தா குறை சொல்லச் சொல்றது? எழுந்தேன் தம்பி. போறவங்களும் வர்றவங்களும் ஒரே வாசல்ல முட்டிக்கறோம், ஒருத்தர் தள்ளுவண்டி என் கால் மேல ஏறி பெருவிரல் நகமே போச்சு, போறவங்களுக்குத் தனி இடம் வேணும், வர்றவங்களுக்குத் தனி இடம் வேணும், ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கவே கூடாதுன்னு ஒரு போடு போட்டேன். ஹாலே கைதட்டுச்சு. உக்காந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? திரும்ப எழுந்து, தராசைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அது எங்க அடையாளம்னேன். எந்தப் பக்கம் வெக்கறதும்மான்னு அந்த ஆபீசர் பணிவாத்தான் கேட்டாரு. எங்க வேணா வைங்க, ஆனா வைங்கன்னுட்டேன். வெச்சுட்டாங்க பாருங்க. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாங்க. இன்னைக்கு வண்டிக்காரர்கிட்டயும், தராசு இருக்கற பக்கம் விடுப்பான்னேன், பாலம் மாதிரி ஒரு ரோட்டுல ஏத்திக் கொண்டு வந்து கரெக்டா இங்க இறக்கிட்டாரு.

வாட்ச்சை ஏன் பாக்கறீங்க? காஞ்சிட்டிருக்கு, இன்னும் கொஞ்சம்தான். உங்களைக் கூட்டிட்டுப் போறவங்க வந்தா காத்திருக்க மாட்டாங்களா என்ன.

அவசரமெல்லாம் எனக்குத்தான். வெளிய சிரிச்சுப் பேசறேனே தவிர... எம் பொண்ணு முழுகாம இருக்கா தம்பி. மாப்பிள்ளைக்குக் கடல் தாண்டி ஒரு வேலை கிடைச்சிருக்கு, இந்த வாரத்துக்குள்ள பதில் சொல்லணுமாம். அங்க போயிட்டா அவ்ளோதான், கண்ணாடிச் சில்லு மாதிரி ஒரு ஃபோன்ல மூஞ்சியைப் பாத்துக்கிட்டு கிடக்க வேண்டியதுதான். அவ சொல்லிட்டா, அம்மா, அவருக்கு நம்ம ஊர் ஹேங்கர்ல வேலை கிடைச்சா நாங்க அங்க வந்துடறோம், இல்லன்னா ஏறிடுவோம்னு. நான் என்ன சொல்றது? போகாதேன்னு சொல்லலாமா? என்னால செய்ய முடிஞ்சது ஒரு சட்டைக்கு இஸ்திரி போடறதுதான். இதை மாதிரி ஒரு சட்டைக்கு நான் என் வாழ்க்கையில இஸ்திரி போட்டதில்ல.

பாருங்களேன். வலது கை முனையை இடது கைக்குள்ள சொருகியிருக்கேன் பாத்தீங்களா? அது என் கைப்பழக்கம். கவர்ல வெச்சா கை தொங்கி மடங்காது. இப்படி மடிக்கறது ஊர்லயே நான் ஒருத்திதான். கடையில இருக்கற பொம்பளைங்களையும் இப்படித்தான் மடிக்க வெச்சிருக்கேன். கல்யாணமான புதுசுல மாப்பிள்ளை எம் பொண்ணுகிட்ட சொன்னாராம், உங்கம்மா முன்னாடி சட்டைகூட கைகட்டித்தான் நிக்குதுன்னு. குறும்பு. நான் கோவிச்சுக்கற மாதிரி நடிச்சேன், உள்ளுக்குள்ள சிரிப்புதான்.

என்ன தம்பி, என்னமோ சொல்லணும்னு ரொம்ப நேரமா வாயைத் திறந்து திறந்து மூடறீங்க. சொல்லுங்க, நான் என்ன உங்க வாயையா பொத்தியிருக்கேன்?

...

என்னது?

இது போறவங்க இடமா? அப்ப வர்றவங்க?

கீழயா... கீழ மாடியா... அய்யய்யோ. அப்ப நீங்க இறங்கி வந்தவர் இல்லையா? ஏறப் போறவரா? இதை ஏன் மொதல்லயே சொல்லல நீங்க! சொல்ல விட்டாத்தானங்கறீங்களா... அதுவும் சரிதான். அந்த விமானம் எப்ப வருதுன்னு பாருங்க, போர்டுல பாத்துச் சொல்லுங்க. வந்து ரொம்ப நேரமாச்சா? சொன்ன நேரத்துக்கே வந்துடுச்சா? பாவி விமானம், வாழ்நாள்ல ஒரு நாள் நேரத்துக்கு வரணும்னா அது இன்னைக்குத்தானா? அப்ப ஃபோன் அடிச்சது எங்க வீட்டுக்காரர் இல்லையா? இதுல யாரு பேருன்னு பாத்துச் சொல்லுங்க... அய்யோ, மாப்பிள்ளை. எல்லாம் மாப்பிள்ளை. இவ்ளோ தடவை கூப்பிட்டிருக்காரே. போச்சு தம்பி, எல்லாம் போச்சு. வர்றவங்க மூஞ்சியைப் போறவங்க பாக்கவே கூடாதுன்னு கேட்டவளே நாந்தான். தராசை எங்க வேணா வைங்கன்னவளும் நாந்தான். சட்டை என் பொறுப்புன்னு வாயைக் குடுத்தவளும் நாந்தான். இதுக்கு வேற யாரைத் திட்ட முடியும் சொல்லுங்க?

இருங்க, போயிடாதீங்க, இந்தக் கவரைக் கொஞ்சம் பிடிங்க. அடிக்குது... ஹலோ? மாப்பிள்ளை? மாப்பிள்ளை, மன்னிச்சுக்குங்க, நான் தப்பான இடத்துல... எங்க இருக்கீங்க? இன்டர்வியூ... முடிஞ்சு போச்சா? அந்த டீ-ஷர்ட்டோடவா போனீங்க? அய்யோ... என்ன? இல்ல, கேக்கல, சத்தமா சொல்லுங்க. ஓவராலா? ம்... ம்... சொல்லுங்க...

...

சரி மாப்பிள்ளை. சரி. இல்ல, அழல, தூசி. நான் எதுக்கு அழறேன். அங்கயே நில்லுங்க, எங்கயும் நகராதீங்க, நான் வர்றேன்.

உக்காந்துக்கறேன் தம்பி ஒரு நிமிஷம். இந்தத் தராசு மேலயே உக்காந்துக்கறேன், எடை எவ்ளோ வேணா காட்டட்டும்.

அவரு கீழ நின்னு தேடியிருக்காரு, தராசே இல்ல. நேரம் ஆயிடுச்சேன்னு கசங்கின டீ-ஷர்ட்டோட பயந்துக்கிட்டே ஹேங்கருக்குப் போயிருக்காரு. அங்க சட்டையை யாரு பாக்கறா? ஒரு இன்ஜினைத் திறந்து வெச்சிருக்காங்க, என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சுக் காட்டுன்னு சொல்லி, அடுக்கிலேந்து ஒரு நீல ஓவராலை எடுத்துக் குடுத்திருக்காங்க. மாட்டிக்கலாம்னு விரிச்சா... என்ன சொன்னாரு தெரியுமா?

"அத்தை, அது கைகட்டி நின்னுச்சு அத்தை. அதைப் பாத்ததும் சிரிச்சுட்டேன். பயமே போயிடுச்சு."

நான் துவைச்சது தம்பி. திட்டிக்கிட்டே துவைச்சேன். கிரீஸ் போகலைன்னு அந்த ஹேங்கரையே திட்டி, ஏர்போர்ட்டையே திட்டி... அதையே போட்டுக்கிட்டு வேலையை வாங்கிட்டாரு. அங்கயே சொல்லிட்டாங்களாம், அடுத்த மாசம் வந்து சேருன்னு. எம் பொண்ணு வர்றா. ஊருக்கே வந்துடறா. குழந்தை இங்கதான் பொறக்கும். இனிமே அந்தக் கிரீஸ் மூட்டையெல்லாம் மாப்பிள்ளை கைபட்டதாத்தான் வரும், திட்டக்கூட முடியாது. வீட்டுல இடம் வேற பத்தாது, முன் ரூம்ல இருக்கற துணி மூட்டையெல்லாம் எங்க கொண்டு போயி போடறது... சரி, அது கெடக்கு, ஏதாச்சும் பண்ணிக்கலாம்.

மைக்குல என்ன சொல்றாங்க? உங்களையா? கடைசித் தடவையாக் கூப்பிடறாங்களா? ஓடுங்க தம்பி, ஓடுங்க, என் பேச்சைக் கேட்டுக்கிட்டு நின்னா விடிஞ்ச மாதிரிதான். இருங்க, ஒரு நிமிஷம், உங்க சட்டை... பொய் சொல்ல மாட்டேன், கறை போகல. கொஞ்சம் பரவிக்கூட இருக்கு. வெளிச்சத்துல பாத்தா நல்லாவே தெரியுது. இதோட எங்கயும் போயி நிக்க முடியாது. இந்தாங்க, இந்தக் கவரைப் பிடிங்க. மாப்பிள்ளை சட்டைதான், உங்களுக்குச் சரியா இருக்கும், தோளைப் பாத்தாலே எனக்குத் தெரியும். இனிமே அவருக்கு இது எதுக்கு? உள்ள போயி மாட்டிக்குங்க. நல்ல நேரத்துச் சட்டை, போற காரியம் நடக்கும். உங்க சட்டையை எடுத்துட்டு வந்தீங்கன்னா ஒழுங்கா ஊற வெச்சு வெளுத்துத் தர்றேன், காசு வேணாம். கப்பை நான் போட்டுக்கறேன், நீங்க போங்க, போங்க.

தம்பி! திரும்பி வர்றப்ப தராசைத் தேடாதீங்க. கீழ நிக்கறேன்.